அம்பாசிடரும் துருவும் பட்டியும்

போன மாதம் காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பிள்ளையார்பட்டி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். எதிரே வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளை அம்பாசிடர் நின்றது. அது ஓடிப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். டயர்கள் காற்று இறங்கி மண்ணோடு மண்ணாக இருந்தன. பேரன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பின்கதவின் அடியில் பெயிண்ட் கொப்புளமாக எழும்பியிருந்த இடத்தை விரலால் அழுத்தினான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, பழைய சுவரில் காரை பெயர்வது போலப் பெயர்ந்து கீழே விழுந்தது.

"தாத்தா, நான் ஒண்ணும் பண்ணலை" என்றான் பயந்துபோய்.

விழுந்ததை எடுத்துப் பார்த்தேன். மேலே தாள் கனத்துக்கு வெள்ளைப் பெயிண்ட். அதன் கீழே அரை அங்குலத்துக்குச் சாம்பல் நிறப் பட்டி. அதற்கும் கீழே, இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்புத் தூள்.

"நீ பண்ணினதில்லைப்பா. யாரோ ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி பண்ணினது" என்றேன். சொல்லி முடிக்கும்போதே மனசுக்குள் சுருக்கென்றது. அந்த 'யாரோ' மாதிரி ஒரு ஆள் நானும்தான். இத்தனை நாள் எழுதத் தயங்கிய அந்த விஷயத்தை இன்று எழுதிவிடுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் சொன்னால்தான் கதை விளங்கும்.

எங்கள் திருப்பத்தூர் என்றால் வடக்கே 2019-ல் தனி மாவட்டமான திருப்பத்தூர் அல்ல, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. மதுரை, காரைக்குடி, சிவகங்கை, சிங்கம்புணரி என்று எந்தப் பக்கம் போவதானாலும் ரோடுதான். அதனால் பஸ்ஸும் காரும் எங்கள் பக்கத்தில் வெறும் ஆடம்பரமாக இருந்ததில்லை. பர்மா, மலாயா, இலங்கை என்று வணிகம் செய்த நகரத்தார் வீடுகளில், வளவும் பட்டாலையும் போலக் கார் கொட்டகையும் வீட்டின் ஓர் அங்கம். என் தகப்பனார் அப்படி ஒரு வீட்டில் டிரைவர்.

அந்தக் காலத்து முதல் தலைமுறைக் கார்களின் உடம்பு வேறு மாதிரி. கீழே கனமான இரும்புச் சட்டம், அதுதான் சேஸி. அதன் மேல் மரத்தால் கூடு கட்டி, தகடு வேய்ந்திருப்பார்கள். குதிரை வண்டி கட்டிய கைகளே காருக்கும் கூடு கட்டின. மதராஸில் சிம்ப்சன் கம்பெனி 1840-ல் குதிரை வண்டி கட்டத்தான் தொடங்கியது. அதே கம்பெனியில் 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் ஒரு காரைக் கட்டினார். இந்த வகை வண்டியில் மரம் உளுத்தால் தச்சர் பார்த்துக்கொள்வார், தகடு போனால் கொல்லர் பார்த்துக்கொள்வார். துரு வந்தாலும் வண்டியின் பலம் சேஸியில் இருந்ததால் பெரிய கவலை இல்லை.

பிறகு முழுக்க முழுக்க இரும்புத் தகட்டில் உடம்பு செய்யும் முறை வந்தது. இங்கிலாந்தில் மோரிஸ் கார் செய்த வில்லியம் மோரிஸ், அமெரிக்காவின் பட் கம்பெனியோடு சேர்ந்து 1926-ல் கவ்லி என்ற இடத்தில் பிரஸ்டு ஸ்டீல் என்ற ஆலையை ஆரம்பித்தார். பெரிய பெரிய அச்சுகளில் தகட்டை வைத்து அழுத்திக் கதவு, கூரை, மட்கார்டு என்று வார்த்தெடுத்தது போல எடுக்கும் ஆலை அது. காலப்போக்கில் தனிச் சேஸியே வேண்டாம், தகடுகளைப் பெட்டி பெட்டியாக மடித்து ஒன்றோடொன்று வெல்டு வைத்தால் உடம்பே சேஸியின் வேலையையும் செய்துவிடும் என்று கண்டுகொண்டார்கள். அப்படி வந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் கார்தான் கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் அம்பாசிடர் என்று பெயர் மாற்றிக்கொண்டு 1950-களின் கடைசியில் வெளிவந்தது.

வாசகர்கள் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அம்பாசிடருக்குத் தனிச் சேஸி இல்லை. கதவுகளுக்கு அடியில் வண்டியின் இருபுறமும் நீளமாக ஓடும் பெட்டி மாதிரியான பகுதி, தரைத் தகடு, கதவுத் தூண்கள், இவைதான் வண்டியைத் தாங்குகின்றன. நம் மதராஸில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு அப்படி இல்லை. அதற்குத் தனிச் சேஸி உண்டு, உடம்பின் பல பகுதிகளைப் போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம். ஹெரால்டின் வெளித் தகட்டில் துரு பிடித்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும். அம்பாசிடரின் அடிப்பெட்டியில் துரு பிடித்தால் அது உயிர் விஷயம்.

அப்படியானால் துருப்பிடித்த வண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டியதுதானே என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். எங்கே வாங்குவது? 1949-ல் முழுக் காரை இறக்குமதி செய்வதை அரசாங்கம் தடை செய்தது. 1953-ல் வரி ஆணையத்தின் சிபாரிசுப்படி, உதிரி பாகங்களைக் கொண்டுவந்து மாட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இனி இடமில்லை, இங்கேயே செய்பவர்களுக்குத்தான் அனுமதி என்றாகிவிட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. மிஞ்சியவை உத்தர்பாரா இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் பிரீமியர், மதராஸ் ஸ்டாண்டர்டு. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உங்களில் சிலரே இருப்பீர்கள். 1983 டிசம்பரில் மாருதி வரும்வரை இதுதான் நிலைமை.

கார் கிடைக்காத அந்த முப்பது வருஷத்தில்தான் நம் ஊர்களில் டிங்கர் பட்டறைகள் வளர்ந்தன. ஆலையில் அச்சில் அழுத்தி எடுத்ததை, இங்கே ஒரு தண்டவாளத் துண்டும் நாலு சுத்தியலும் வைத்துக்கொண்டு கையால் செய்தார்கள். மட்கார்டு கிழிந்தால் புது மட்கார்டுக்குச் சீட்டு எழுதிவிட்டுக் காத்திருக்க முடியாது. தகடு வாங்கி, அடித்து, வளைத்து, வைத்தார்கள். இது எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுத்த வித்தை அல்ல. பத்து வயதில் துருத்தி பிடிக்கப் போய், இருபது வயதில் தொழில் படிந்த வித்தை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

அப்பா ஓட்டிய வண்டி 1965 மாடல் அம்பாசிடர் மார்க் டூ. முதல் சில வருஷம் அது மதராஸில், கடற்கரைக்குப் பக்கத்து வீட்டில் இருந்தது. பிறகு ஊருக்கு வந்தது. 1976-ல் முதலாளி குடும்பம் மொத்தமாக மதராஸோடு போனபோது, ஆச்சி அப்பாவைக் கூப்பிட்டு, "நீயே வச்சுப் பிழைச்சுக்கப்பா" என்று மிகச் சொற்ப விலைக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். அப்பா அதை வாடகைக்கு ஓட்டினார். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி என்று கோயில் சவாரி. கல்யாண சீசனில் மாப்பிள்ளை சவாரி. என் படிப்பும் தங்கையின் கல்யாணமும் அந்த வண்டியில் வந்தவைதான்.

அப்பா அதை வைத்திருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு வாளியும் துணியுமாக நிற்பார். மழை நாளானாலும் கழுவாமல் எடுக்க மாட்டார். உள்ளே தேங்காய் நார் விரிப்பு. அதிலும் தண்ணீர் தெளித்துத் தட்டிவிட்டுத்தான் விரிப்பார். குளிர்ச்சியாக இருக்கும் என்பார்.

1989-ல் அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. நான் அப்போது திருநெல்வேலிப் பக்கம் ஒரு பாங்கில் வேலை. பத்து நாள் லீவில் வந்து வண்டியை விற்றுவிடுவது என்று தீர்மானம் செய்தேன். கண்டரமாணிக்கம் பக்கத்துக்காரர் ஒருவர் வாங்கிக்கொள்ள ஆசைப்பட்டார். அவரும் வாடகைக்கு ஓட்டத்தான் கேட்டார். விற்பதற்கு முன் பெயிண்ட் அடித்தால் நல்ல விலை வருமென்று, எங்கள் ஊர் டிங்கர் பாயிடம் கொண்டுபோனேன். அவர் பெயரை எழுதவில்லை. எங்கள் எல்லாருக்கும் அவர் 'பாய்'தான்.

பாய் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. குனிந்து, ஸ்குரூ டிரைவரின் மரக் கைப்பிடியால் கதவுக்கு அடியில் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத், பொத் என்றது. ஸ்குரூ டிரைவரைத் திருப்பி முனையால் குத்தினார். பாதி உள்ளே போய்விட்டது.

"தம்பி, ரெண்டு பக்கமும் அடிப்பெட்டி போச்சு. தரையும் முன்னாடி போச்சு. வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வைக்கணும். பத்துப் பன்னெண்டு நாள் ஆகும்" என்றார்.

எனக்கு லீவு பத்து நாள்தான். ஆகும் செலவைக் கேட்டேன். விற்கும் விலையில் கால் பங்கு அதிலேயே போய்விடும் போலிருந்தது.

"பட்டி போட்டு மூடிட முடியாதா பாய்?"

"மூடலாம். கண்ணுக்குத் தெரியாது. ஆனா இதுல பிள்ளைகுட்டியோட ஏறுவாங்களே தம்பி. நான் மாட்டேன். வேற இடம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பட்டி என்பது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாவு மாதிரி குழைத்துப் பூசி, காய்ந்ததும் தேய்த்துச் சமப்படுத்தும் பசை. முன்பெல்லாம் கார் ஆலைகளில் தகடுகள் சேருமிடத்தில் உள்ள பள்ளத்தை ஈயக் கலவையால் நிரப்பித்தான் மழுப்பினார்கள். நம் தெருக்களில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் செய்வது போன்ற வேலைதான். சூடு காட்டிப் பிடிக்க வைக்க வேண்டும், அடியில் இரும்பு பளிச்சென்று சுத்தமாக இருந்தால்தான் ஈயம் ஒட்டும். துருவின் மேல் ஒட்டவே ஒட்டாது. 1950-களில் அமெரிக்காவில் பிளாஸ்டிக் வகைப் பட்டி வந்தது. சூடு வேண்டாம், கலந்து பூசினால் சற்று நேரத்தில் இறுகிவிடும். எதன் மேலும் ஒட்டும், துருவின் மேலும் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். சரியாகச் செய்த வேலையின் மேல் மெல்லிசாகப் பூசினால் நல்ல பொருள். ஓட்டையை மறைக்கப் பூசினால் பொய்.

அந்தப் பொய்யைத்தான் நான் செய்யச் சொன்னேன். வேறொரு ஊர்ப் பட்டறையில் கொடுத்தேன். மூன்றே நாளில் அடியில் பட்டி, மேலே வெள்ளை டூக்கோ, பாலிஷ் எல்லாம் முடிந்து வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. டூக்கோ என்றால் நாம் ஸ்பிரே பெயிண்டுக்குச் சொல்லும் பொதுப்பெயர். உண்மையில் அது அமெரிக்க டூபாண்ட் கம்பெனியின் பெயிண்ட் ஒன்றின் பெயர். 1920-களில் அது வந்த பிறகுதான், காருக்குப் பெயிண்ட் காய வாரக்கணக்கில் காத்திருந்தது போய் மணிக்கணக்கானது. என் அவசரத்துக்கும் அது உதவியது. கண்டரமாணிக்கம்காரர் வந்து பார்த்தார். அப்பாவின் வண்டி என்ற நம்பிக்கையில் அடியில் தட்டிப் பார்க்கவில்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு நான் திருநெல்வேலி போய்விட்டேன். அப்பாவிடம், எல்லாம் பாய் சொன்னபடி சரிசெய்துதான் கொடுத்தேன் என்று சொல்லியிருந்தேன்.

அந்தக் கார்த்திகை மாதம் நல்ல மழை. நான் தீபத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் கண்டரமாணிக்கம்காரர் வீட்டுக்கு வந்தார். சண்டை போடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணே, திருமயம் ரோட்டுல டயர் பஞ்சராயிருச்சு. சவாரி ஏத்திக்கிட்டுப் போன குடும்பத்தை இறக்கி ஓரமா உக்கார வச்சுட்டு ஜாக்கி கொடுத்தேன். ஜாக்கி மேல ஏறுது, வண்டி ஏறலை. என்னடான்னு குனிஞ்சு பாத்தா, ஜாக்கி அடியைப் பொத்துக்கிட்டு உள்ள போகுது. கையை எடுத்தேன், வண்டி அப்படியே உக்காந்துருச்சு. சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பிள்ளை வந்து வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னுச்சுண்ணே. ஒரு முழம் தள்ளி நின்னுச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அப்பா எதுவும் பேசவில்லை. அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனாலும் என் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரிடம், "வண்டியை நாளைக்குப் பாய் பட்டறைக்குக் கொண்டாங்க. செலவு என்னுது" என்றார். தபாலாபீஸில் போட்டு வைத்திருந்த பணத்தை எடுத்தார். நான் கொடுக்க வந்த பணத்தை வாங்கவில்லை. லீவை நீட்டிக்கச் சொன்னார். "பட்டறையில போய் நில்லு. அவர் என்ன செய்றாருன்னு பாரு" என்றார். எனக்குக் கிடைத்த தண்டனை அது ஒன்றுதான்.

பதினோரு நாள் நின்றேன். அதனால்தான் இன்று இதை எழுத முடிகிறது.

முதலில் சீட்டுகளையும் விரிப்பையும் பெட்ரோல் டாங்கியையும் கழற்றி வெளியே வைத்தார்கள். கேஸ் வெல்டிங் வைக்கும் இடத்தில் பெட்ரோல் இருக்கக் கூடாதல்லவா? பிறகு பட்டியைச் சுரண்டினார்கள். நான் காசு கொடுத்துப் பூசச் சொன்னது ஒரு சட்டி நிறைய வந்தது. உள்ளே ஈரம். ஓட்டையை அடைத்து, அதற்குப் பின்னால் மழைத் தண்ணீரையும் சிறை வைத்திருந்தேன்.

அடுத்து வெட்டுவது. துரு தெரிகிற அளவுக்கு மட்டும் வெட்டினால் போதாது. பளபளவென்று நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். பாய் உளியை வைக்க வைக்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இப்படி வெட்டினால் வண்டியில் என்ன மிஞ்சும்? ஆனால் ஒரே நாளில் இரண்டு பக்கமும் வெட்டவில்லை. ஒரு பக்கம் வெட்டும்போது, தரைக்கு அடியில் கட்டைகள் கொடுத்து மட்டம் பார்த்து, கதவுகளை இறுகச் சாத்தி வைத்தார். தாங்கும் பெட்டியை எடுத்துவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் புதுத் தகட்டை வைத்துவிட்டால் பிறகு ஜென்மத்துக்கும் கதவு சாத்தாது. கதவு இடுக்கில் விரலை விட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் வேலை நடந்தது.

பழைய காலண்டர் அட்டையில் அளவு வெட்டி, அதை 20 கேஜ் தகட்டில் வைத்துக் கோடு போட்டு, கத்திரியால் வெட்டி, தண்டவாளத் துண்டின் ஓரத்தில் வைத்து மடித்தார்கள். பொருத்தியதும் ஒரேயடியாகப் பற்ற வைக்கக் கூடாது. இந்த மூலையில் ஒரு புள்ளி, அந்த மூலையில் ஒரு புள்ளி, நடுவில் ஒன்று. சூடு ஒரே இடத்தில் சேர்ந்தால் தகடு அலை அலையாக நெளிந்துவிடும். பக்கத்தில் ஈரச்சாக்கு. கார்பைடு டிரம்மிலிருந்து வரும் அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

அவ்வளவு பார்த்தும் ஓரிடத்தில் தகடு தளர்ந்து, எண்ணெய் டின்னின் அடிப்பாகத்தை அமுக்கினால் வருவது போல டொப் டொப் என்றது. பாய் அந்த இடத்தின் நடுவில் காலணா அகலத்துக்கு மட்டும் சிவக்கக் காய்ச்சினார். அடியில் டாலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே நாலு தட்டு தட்டி, ஈரத் துணியால் ஒற்றினார். சூட்டில் விரிய இடமில்லாமல் தடித்த இரும்பு, குளிர்ந்ததும் சுருங்கி, சுற்றியிருந்த தளர்ச்சியை இழுத்துக்கொண்டது. தகடு மத்தளத் தோல் மாதிரி விறைத்து நின்றது. நான் பி.எஸ்ஸி. பெளதிகம் படித்தவன். உலோகம் விரிவதையும் சுருங்குவதையும் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

கடைசியில் ரெட் ஆக்ஸைடு இரண்டு கை. பெட்டியின் உட்புறத்துக்குள் எண்ணெயை ஊற்றிச் சுழற்றிவிட்டார். மேலே கடுகு கனத்துக்குப் பட்டி, பிறகு பெயிண்ட்.

இதற்கிடையில் ஒரு நாள் அப்பா தடியை ஊன்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பாய் கழற்றி வைத்திருந்த கதவைக் கவிழ்த்து, அடி விளிம்பில் இருந்த ஒரு சிறு துவாரத்தைக் காட்டினார். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேற, ஆலையிலேயே வைத்த துவாரம். அதில் மண்ணும் பழைய பெயிண்டும் அடைத்து இறுகிக் கிடந்தது.

"அண்ணே, இது அடைச்சிருக்கு. நீங்க தினம் ஊத்துன தண்ணி எல்லாம் உள்ளேயே நின்னுருக்கு. விரிப்பும் ஈரத்தோட கெடந்திருக்கு" என்றார் பாய். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அப்பா அந்தத் துவாரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "பன்னெண்டு வருஷம் நானே தண்ணி ஊத்தியிருக்கேனா?" என்று மட்டும் கேட்டார்.

இது எப்படி நடக்கிறது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. விளக்கியவர் காரைக்குடி சிக்ரியில் வேலை பார்த்த ஒரு நண்பர். சிக்ரியை நாம் எல்லாரும் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறோம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து நம் பக்கத்துக்குக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். உலோக அரிப்பு, அதாவது துரு, அவர்களுடைய முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று. கடல் காற்றில் இரும்பு என்ன பாடுபடுகிறது என்று பார்க்க மண்டபத்திலும் ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய துருப் பள்ளிக்கூடம் இருபது மைல் தூரத்துக்குள் இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

துரு என்பது ஒரு மின்சார விவகாரம் என்றார் நண்பர். கேம்பிரிட்ஜில் யு.ஆர். எவான்ஸ் என்ற விஞ்ஞானி செய்து காட்டிய சோதனையை என் வீட்டுத் திண்ணையிலேயே செய்து காட்டினார். பளிச்சென்று தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் வைத்தார். சில மணி நேரத்தில் சொட்டுக்குள் ஒரு வளையமாகத் துரு படிந்தது. துடைத்துப் பார்த்தால் அரிக்கப்பட்டிருந்தது வளையம் இருந்த இடம் அல்ல, நடுப்பகுதி. சொட்டின் ஓரத்துக்குக் காற்று தாராளமாகக் கிடைக்கிறது, நடுவுக்குக் கிடைப்பதில்லை. இந்த வித்தியாசமே ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்கிறது. காற்றுக்கு ஏங்கும் இடம்தான் கரைகிறது.

கேட்டதும் எனக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து புரிந்தது. ஈர விரிப்புக்கு அடியிலும், மண் அடைத்த மூலையிலும், பட்டிக்குப் பின்னாலும் இரும்பு ஏன் கரைந்தது என்று தெரிந்தது. மூடினால் நின்றுவிடும் என்று நான் நினைத்தேன். மூடிய இடத்தில்தான் அது அதிகம் தின்றது. மதராஸ் கடற்கரையில் கழித்த முதல் சில வருஷத்து உப்பும் உள்ளே ஒட்டிக்கொண்டு வந்து துணை செய்திருக்கும் என்றார் நண்பர். பாய்க்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. ஆனால் நல்ல இரும்பு வரும்வரை வெட்டு, தண்ணீர் போக வழி விடு என்ற இரண்டும் தெரியும். சிக்ரிக்காரர் சொன்னதும் அதுதான்.

இன்றைய கார்களின் கதை வேறு. தகட்டுக்கே துத்தநாகப் பூச்சு கொடுத்து வருகிறார்கள். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். போர்ஷே கம்பெனி 1970-களின் நடுவிலேயே அப்படிச் செய்யத் தொடங்கிவிட்டது. அடிபட்டால் இன்ஷூரன்ஸில் புதுக் கதவே வந்துவிடுகிறது. சில தகடுகள் சூடு காட்டினால் பலம் போய்விடும் வகை என்பதால், பழைய மாதிரி காய்ச்சி அடிக்கவும் கூடாதாம். ஸ்டாண்டர்டு ஆலை எப்போதோ மூடிவிட்டது. உத்தர்பாராவில் 2014-ல் அம்பாசிடர் செய்வதை நிறுத்திவிட்டார்கள். பாய் காலமாகிவிட்டார். அவர் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

கொட்டகையில் பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். 50 ஆண்டு தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வாகனம் என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. சேஸி, உடம்பு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. உங்கள் வண்டிக்கு அந்த எண்ணம் இருந்தால், பெயிண்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கதவின் அடியில் தட்டிப் பாருங்கள். வாங்குவதானால் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி ஓரங்களில் ஓட்டிப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது. கண்டரமாணிக்கம்காரர் அன்று அப்படிச் செய்திருந்தால் நான் அகப்பட்டுக்கொண்டிருப்பேன். எனக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

அந்த வண்டி அதற்குப் பிறகும் பல வருஷம் ஓடியது. அப்பா இருந்தவரை, அது எங்கள் தெரு வழியாக வரும்போதெல்லாம் ஹாரன் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். கையில் ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி வைத்திருப்பார். வண்டியை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து, பார்வை இல்லாத கண்ணோடு அடி விளிம்பைத் தடவி, நாலு கதவின் துவாரங்களிலும் கம்பியை விட்டுக் குத்திவிடுவார். அவரும் எவ்வளவு அவசரச் சவாரியானாலும், "குத்துங்கண்ணே" என்று இறங்கி நிற்பார்.

அப்பா என்னிடம் அந்த விஷயத்தைப் பற்றி மறுபடி ஒரு நாளும் பேசியதில்லை. கம்பி மட்டும் எங்கள் வீட்டு நிலைப்படி மேல் வெகுநாள் இருந்தது.